தேவாலா மழையும் என் ஆபீஸ் அறையும்

மழை சட்டென்று நின்றுவிட்டது. அதில் ஆரம்பித்ததுதான் இத்தனையும்.

2022 ஜூலை. கோயம்புத்தூரில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு, மலையில் இருக்கும் என் சொந்த ஊரான தேவாலாவுக்கே திரும்பி வந்து, வீட்டில் இருந்தபடி கணக்கு, ஜிஎஸ்டி, வருமான வரி வேலைகளை எடுத்துச் செய்யத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு வந்தவர் பந்தலூர்ப் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன். எங்கள் வீட்டு முன் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே தகரக் கூரை. எங்கள் ஊர் மழை தகரத்தில் விழும் சத்தம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கத்தில் இருப்பவரின் வாய் அசைவதுதான் தெரியும், பேச்சு கேட்காது. கடன் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டேன். அவர் சொன்னது விளங்கவில்லை. மறுபடி கேட்டேன். அவர் முன்னால் சாய்ந்து, கையை வாயருகே குவித்து, "நாலு லட்சத்து இருபதாயிரம்!" என்று கத்தினார்.

அந்த நொடியில் மழை நின்றது. "இருபதாயிரம்" மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது. அடுக்களையில் இருந்த அம்மாவுக்குக் கேட்டது, அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அத்தைக்குக் கேட்டது, வாசலில் தன் முறைக்காகக் குடையோடு நின்ற இன்னொரு கடைக்காரருக்கும் கேட்டது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மிச்சக் காகிதங்களை என்னிடம் தள்ளிவிட்டு, "அப்புறம் போன்ல பேசிக்கலாம்மா" என்று எழுந்து போனார்.

அவர் மறுபடியும் என்னிடம் வந்தார். ஆனால் அதற்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் நான் வீட்டுப் பக்கவாட்டில் ஓர் அறையைத் தயார் செய்தேன். "வீட்டிலேயே ஆபீஸ் போட்டிருக்கியாமே, எப்படிப் பண்ணினே?" என்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கும் தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

வீட்டு ஆபீஸ் என்று தேடினால் வருகிற படங்கள் எல்லாம் உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கானவை. நல்ல மேசை, சுழல் நாற்காலி, ஒரு செடி. தனியாக வேலை செய்கிறவருக்கு அது போதும். நமக்கு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்து பேச வேண்டும். அதனால் அறையை என் நாற்காலியிலிருந்து யோசிக்காமல், பஸ்ஸை விட்டு இறங்கி நனைந்துகொண்டு வருகிறவரின் காலிலிருந்து யோசித்தேன். அவர் எங்கே குடையை வைப்பார், எங்கே உட்கார்ந்து மூச்சு வாங்குவார், அவர் சொல்வது யார் காதில் விழும், அவர் உள்ளே உட்கார்ந்திருப்பதை ரோட்டில் போகிறவர்கள் யாரெல்லாம் பார்ப்பார்கள். இந்த வரிசையில்தான் ஒவ்வொன்றையும் முடிவு செய்தேன்.

முதலில் இடம். அப்பா ஜீப் ஓட்டினார். நாடுகாணி, பந்தலூர், சேரம்பாடி என்று இந்த ரோட்டில் அவர் ஆள் ஏற்றாத வளைவு கிடையாது. அவர் போனபின் ஜீப்பை விற்றுவிட்டோம். ஜீப் நிறுத்தக் கட்டிய கொட்டகை மட்டும் சும்மா கிடந்தது. மூன்று பக்கம் செங்கல் சுவர், முன்பக்கம் திறந்தவெளி, மேலே தகரம். அளந்து பார்த்தேன்: பன்னிரண்டுக்குப் பதினாறு அடி, 192 சதுர அடி.

அந்த 192-ஐப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. காரணம் உண்டு. தமிழ்நாட்டு மின் கட்டண ஆணைகளில், தொழில்முறை ஆலோசகர் ஒருவர் தன் வீட்டோடு சேர்ந்தாற்போல வைத்திருக்கும் ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் அதை வீட்டு இணைப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அதைத் தாண்டினால் வணிகக் கட்டணம். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வருஷத்துக்கு வருஷம் மிச்சமாகும் பணம் அது. கட்டண ஆணை அவ்வப்போது மாறும். அதனால் சுவர் எழுப்புவதற்கு முன்னால் உங்கள் பிரிவு மின்வாரிய அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய அறை கிடைக்கிறதே என்று 240 சதுர அடிக்குக் கட்டிவிட்டு வருந்துகிறவர்களை எனக்குத் தெரியும்.

எங்கள் வட்டாரத்தில் இதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு: நிலத்துக்குப் பட்டா இருக்கிறதா? கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1969-இல் வந்தது. அதன் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்களில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறவர்களுக்கு இன்னும் பட்டா இல்லை. மின் இணைப்பு வாங்குவதற்கே பல வருஷம் அலைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். எங்கள் ஐந்து சென்ட்டை அப்பா பட்டாவோடு வாங்கியிருந்தார். நெல்லியாளம் நகராட்சியில் வரைபடம் கொடுத்து, கொட்டகையை அறையாக்க அனுமதி வாங்கினேன். பட்டா இல்லாத என் வாடிக்கையாளர்கள் வீட்டில் ஆபீஸ் வைக்கக் கேட்டால், சுவரைத் தொடாமல் இருக்கிற முன் அறையிலேயே மேசை போடச் சொல்கிறேன். அதற்கும் இந்தப் பதிவில் உள்ள பாதி விஷயங்கள் பொருந்தும்.

ஜிஎஸ்டி பதிவு எடுப்பவர்கள் வீட்டையே தொழில் முகவரியாகக் காட்டலாம். சொந்த வீடு என்றால் வீட்டு வரி ரசீதோ கரண்ட் பில்லோ போதும். பதிவு எடுத்துவிட்டால் சான்றிதழைப் பார்வையில் படும்படி மாட்ட வேண்டும், பெயர்ப்பலகையில் எண் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இனி மழை.

தேவாலாவில் ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மாநிலத்திலேயே அதிக மழை பெய்த இடம் என்று வானிலை அறிக்கையில் எங்கள் ஊர்ப் பெயர் வருவது எங்களுக்குப் பழகிப்போன சேதி. அந்த நான்கு மாதமும் என்னைத் தேடி வருகிறவர்கள் நிறையவே வருவார்கள், ஏனென்றால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும் காலமும் அதுதான். நனையாமல் வருகிறவர் ஒருவர்கூட இல்லை.

அதனால் அறைக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்கு ஒரு வராந்தா இழுத்தேன். தரைக்கு வழுவழுப்பான டைல்ஸ் வேண்டாம், ரெட் ஆக்சைடும் வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொன்னேன். ஈரத்தில் இரண்டுமே காலை வாரிவிடும். கார் நிறுத்துமிடத்தில் போடுகிற சொரசொரப்பான டைல்ஸ் போட்டோம். ஓரத்தில் ஒரு குழாய், குடை வைக்க அடியில் ஓட்டை போட்ட ஒரு இரும்பு வாளி, மழைக்கோட்டு மாட்ட ஆறு ஆணி. பக்கத்தில் ஒரு மர பெஞ்சு. பெஞ்சின் கீழே ஒரு டப்பாவில் கல்லுப்பு. உப்பு எதற்கு என்று சமவெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். அட்டைக்கு. தேயிலைக்குள் நடந்து வருகிறவர் காலில் இரண்டு அட்டையாவது ஏறியிருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்து பத்து நிமிஷம் கழித்து கணுக்காலில் ரத்தம் வழிவதைப் பார்த்து, என்ன செய்வதென்று தெரியாமல் புடவையால் மறைத்துக்கொண்ட ஓர் அக்காவை நான் பார்த்திருக்கிறேன். வராந்தாவிலேயே உட்கார்ந்து, காலைப் பார்த்து, உப்பைத் தேய்த்து, கழுவிவிட்டு வந்தால் அந்தச் சங்கடம் இல்லை.

செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. ஆனாலும் நம் ஆட்கள் கழற்றிவிடுவார்கள். பெரியவர்கள் வெறுங்காலோடு அரை மணி நேரம் குளிர்ந்த சிமென்ட் தரையில் காலை வைத்திருப்பது நல்லதல்ல. அதனால் வருகிறவர் நாற்காலிக்கு அடியில் தடித்த கயிற்றுப் பாய் ஒன்று போட்டிருக்கிறேன். அதை வெயில் வரும் நாளில் உடனே காயவைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாள் வாடை அடிக்கும்.

தகரத்தை மாற்றி மங்களூர் ஓடு போட ஆசை. கையில் பணம் இல்லை. கொத்தனார் ஒருவர் சொன்ன யோசனைதான் காப்பாற்றியது. தகரத்துக்கு ஒரு சாண் கீழே சட்டம் அடித்து, பலகை சீலிங் போட்டு, இரண்டுக்கும் நடுவில் தென்னை நார்ப் பலகையை நிரப்பினோம். சத்தம் முழுக்கப் போகவில்லை. ஆனால் கொட்டும் மழையிலும் சாதாரணக் குரலில் பேசினால் கேட்கிறது. வேலை முடிந்த அன்று மழை வரட்டும் என்று காத்திருந்து, அம்மாவை எதிர் நாற்காலியில் உட்காரவைத்து, தாழ்ந்த குரலில் ஏதேதோ எண்களைச் சொல்லிச் சொல்லிச் சோதித்தேன். அம்மா ஒவ்வொன்றையும் சரியாகத் திருப்பிச் சொன்னார்.

எண்களை ஊர் கேட்காமல் சொல்வதில் எனக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் இலங்கையிலிருந்து வந்தது. 1964 அக்டோபரில் போட்ட சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தப்படி 1970-களில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. அவர்களுக்காகவே 1968-இல் அரசு தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. அதுதான் பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது. எங்கள் ஆட்களில் பலர் அங்கே வேலைக்குப் போனார்கள். சிலர் தனியார் தோட்டங்களுக்குப் போனார்கள். அம்மா போனது ஒரு தனியார் தோட்டத்துக்கு, கொழுந்து எடுக்க.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பி.எஃப். பணத்தில் கொஞ்சம் எடுப்பதற்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனார். உள்ளே போகவில்லை. தொழிலாளிகளுக்கு உள்ளே இடம் கிடையாது. வெளியே ஒரு கம்பி சன்னல். அதன் முன்னால் வரிசை. இடுப்பில் கட்டிய படங்குத் துணியோடு, தலையில் சாக்கோடு, மழையில் பெண்கள் நின்றார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார்: எதுக்குப் பணம்? அம்மா மெல்லச் சொன்னார். சத்தமா சொல்லு. வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில. என்ன வியாதி? குடிப்பாரா? எவ்வளவு கடன்? பின்னால் நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்க, அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். திரும்பி நடக்கும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆகவே என் அறையில் முதலில் வாங்கிய சாமான் நாற்காலிதான். மூன்று நாற்காலி, மூன்றும் ஒரே மாதிரி. எனக்கென்று உயரமான முதுகு வைத்தது எதுவும் இல்லை. கைப்பிடி உள்ளவை, ஏனென்றால் முழங்கால் வலி உள்ளவர்கள் கையை ஊன்றித்தான் எழுவார்கள். தோட்டத்தில் வேலை செய்த பெண்களில் முழங்கால் வலி இல்லாதவர் அபூர்வம். மேசை சில்வர் ஓக் பலகையில் செய்தது. தேயிலைக்கு நிழல் தரும் அதே மரம், இங்கே மரக்கடையில் விலை குறைவு. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர் என்று எதிரும் புதிருமாக உட்காரும் ஏற்பாட்டை விட்டுவிட்டேன். மேசையின் மூலையை நடுவில் வைத்துப் பக்கத்துப் பக்கத்தில் உட்காருகிறோம். கம்ப்யூட்டர் திரை திரும்பும் தாங்கியில் இருக்கிறது. நான் என்ன தட்டுகிறேன் என்பதை அவரும் பார்க்கிறார். ஒரு பெரியவர் தன் பெயர் திரையில் வந்ததும் விரலை வைத்துக் காட்டி, "என் இனிஷியல் தப்பா இருக்கு கண்ணு" என்றார். எதிரே உட்கார்ந்திருந்தால் அந்தத் தப்பு அப்படியே போயிருக்கும். ஆதாரில் ஒன்று, பான் அட்டையில் ஒன்று என்று பெயர் மாறி நின்றால் எத்தனை அலைச்சல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

சன்னல் விஷயத்தில் முதலில் தப்பு செய்தேன். முன்பக்கம் பெரிய சன்னல் வைத்து, வருகிறவர் தேயிலைச் சரிவைப் பார்த்தபடி உட்காரட்டும் என்று நினைத்தேன். அழகாகத்தான் இருந்தது. பத்து நாளில் ஒரு விவசாயி வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மேடம், நான் இங்க உக்காந்திருந்ததைக் கொழுந்து வண்டிக்காரன் பார்த்துட்டான். எனக்கு நோட்டீஸ் வந்திருக்குன்னு ஊர்ல பேச்சு." அவருக்கு நோட்டீஸ் எதுவும் வரவில்லை. கொழுந்து விற்ற பணத்துக்கு வரி உண்டா என்று கேட்கத்தான் வந்தார். (பச்சைக் கொழுந்தை மட்டும் விற்கிற சிறு விவசாயிக்கு அது விவசாய வருமானம். தானே பயிரிட்டுத் தானே தூளாக்கி விற்பவர்களுக்குத்தான் வருமானத்தில் 40 சதவீதம் வரிக்கணக்கில் வரும். இந்தப் பயத்தோடு வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள்.)

அப்போதுதான் கல்லூரி நாட்களில் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட், சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் 1889-இல் தனக்கு வீடு கட்டிக்கொண்டார். 1898-இல் அதோடு சேர்த்து வேலைக்கான கட்டடத்தைக் கட்டினார். வாடிக்கையாளர்களுக்கு வேறு தெருவைப் பார்த்த தனி வாசல். வீட்டில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், வந்தவருக்கு அது தெரியாது. வரைபடங்களை விரித்துக் காட்டுவதற்கு எட்டுப் பக்கச் சுவர் கொண்ட ஒரு சிறிய நூலக அறை. அதில் சன்னல்களை உயரத்தில் வைத்தார். வெளிச்சம் வரும், வெளியே கண் போகாது, மேசையில் இருப்பதில்தான் கவனம் நிற்கும்.

அந்த ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன். சன்னலின் கீழ்ப் பாதிக் கண்ணாடியை மங்கலாக்கினேன். மேல் பாதியில் வானமும் சில்வர் ஓக் உச்சியும் தெரியும். பனி இறங்கும் நேரத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் மேசைக்கு மேலே ஒரு மஞ்சள் விளக்கு, சுவரை நோக்கி ஒரு வெள்ளை விளக்கு. வந்தவர் முகத்தில் நேராக விளக்கு அடிக்கக் கூடாது. போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கும்.

தனி வாசலும் அப்படித்தான். மயிலாப்பூர் வக்கீல் வீடுகளில் முன்கட்டில் ஆபீஸ் அறை வைத்துக் கட்சிக்காரர்களைப் பார்க்கும் பழக்கம் நூறு வருஷத்துக்கும் மேலாக உண்டு. உள்கட்டுக்கு அவர்கள் போக வேண்டியதில்லை. அப்பா பிறந்த நாட்டில் ஜெஃப்ரி பாவா என்று ஒரு பெரிய கட்டடக் கலைஞர் இருந்தார். கொழும்பு ஆல்ஃப்ரெட் ஹவுஸ் ரோட்டில் 1960-களின் தொடக்கத்தில் ஒரு டாக்டருக்காகக் கட்டிய வீட்டையே பின்னால் தன் அலுவலகமாக்கிக்கொண்டார். வருகிறவர் முற்றங்களைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். இன்று அது காலரி கஃபே. தெருச் சத்தத்திலிருந்து பேச்சுக்குள் நுழைய மனுஷருக்குக் கொஞ்சம் நடை வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எனக்கு முற்றம் இல்லை. அந்த ஐந்தடி வராந்தாவும் பெஞ்சும்தான் முற்றம்.

எனக்குத் தனி வாசல் இன்னொரு காரணத்துக்காகவும் வேண்டியிருந்தது. தனியாகத் தொழில் செய்யும் பெண்களுக்குச் சொல்கிறேன், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். வருகிறவர்களில் முக்கால்வாசி ஆண்கள். எல்லோரும் தெரிந்தவர்கள் அல்ல. அறைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரே கதவு. கனமான மரக் கதவு, சுற்றிலும் ரப்பர் பட்டி ஒட்டியது, நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கண்ணாடி. அம்மா அடுக்களைப் பக்கம் போகும்போது என்னைப் பார்க்கலாம். பேசுவது கேட்காது. என் நாற்காலி அந்தக் கதவுக்குப் பக்கத்தில். வருகிறவர் நாற்காலி வெளிவாசலுக்குப் பக்கத்தில். யாரும் யாருடைய வழியையும் மறிக்கவில்லை. வீட்டோடு சேர்ந்த சுவர் முழுக்க ஃபைல் அலமாரி வைத்துவிட்டேன். காகிதம் நிறைந்த அலமாரிபோலச் சத்தத்தைத் தடுப்பது வேறில்லை. அம்மாவின் சாயங்கால சீரியல் இந்தப் பக்கம் வருவதே இல்லை.

அந்த அலமாரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சுவரை ஒட்டி வைக்காதீர்கள். எங்கள் சுவர்கள் ஆகஸ்டில் வேர்க்கும். முதல் வருஷம் ஒட்டி வைத்து, கீழ் வரிசையில் இருந்த எட்டு ஃபைலில் பூஞ்சை பிடித்தது. இப்போது நான்கு விரல் இடைவெளி. உள்ளே ஒரு சின்ன குண்டு பல்ப் எரிகிறது. பழைய ஆட்கள் துணி பீரோவுக்குச் செய்வதுதான். அந்தச் சூடு போதும், காகிதம் மொறுமொறுவென்று இருக்கும். நனைந்து வரும் காகிதங்களுக்கும் ஓர் இடம் வேண்டும். நாடுகாணியிலிருந்து ஒரு பெரியவர் மஞ்சப்பைக்குள் வைத்துக் கொண்டுவந்த நிலப் பத்திரம், மடித்த மடிப்பிலேயே ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தது. பிரித்தால் கிழியும். இருவரும் பேசாமல் உட்கார்ந்து, ஸ்டீல் ஸ்கேலை மெல்ல நுழைத்து, ஒவ்வொரு மடிப்பாக முக்கால் மணி நேரம் பிரித்தோம். கடைசி மடிப்பு வந்ததும்தான் அவர் மூச்சு விட்டார். அதிலிருந்து மேசையோரம் ஒரு அகலத் தட்டும், கிளிப் போட்ட கயிறும், ஸ்கேனரும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வந்ததும் காயவைத்து, படம் எடுத்து, அசலை அன்றே கையில் கொடுத்துவிடுவேன். யாருடைய அசல் பத்திரமும் என் வீட்டில் ஒரு இரவு தங்குவதில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் பாராட்டியது எதை என்றால், வராந்தா ஓரத்தில் கட்டிய கழிப்பறையை. அதைக் கட்டியபோது வீண்செலவு என்று வீட்டில் எல்லோருமே சொன்னார்கள். சேரம்பாடியில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறி, ரேஷன் கடை, பேங்க், ஆஸ்பத்திரி என்று முடித்துவிட்டு என்னிடம் மத்தியானம் வந்து சேரும் ஒரு பெண், நடுவில் எங்கே போவாள்? கொழுந்துக் காட்டில் வேலை செய்யும் பெண்களுக்கு இந்தக் கேள்வியோடுதான் வாழ்க்கையே. தண்ணீர் குடிக்காமல் வந்து, அவசர அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறவர்களை முதலில் நான் புரிந்துகொள்ளவில்லை. நேரம் இல்லை போல என்று நினைத்தேன். கழிப்பறை வந்தபின் அதே பெண்கள் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துவிட்டு, தங்கள் மகளிர் குழுக் கணக்கையும் எடுத்துக் காட்டிச் சந்தேகம் கேட்கிறார்கள். வாளி, மக், கதவுக்கு உள்தாழ்ப்பாள், ஒரு மூடி போட்ட குப்பைத் தொட்டி. அது போதும்.

அலங்காரம் என்று எதுவும் இல்லை. அதிலும் யோசித்துத்தான் முடிவு செய்தேன். இந்த ஊர் பகட்டைப் பார்த்து ஏமாந்த ஊர். 1880-ஐ ஒட்டி தேவாலாவில் தங்கம் இருக்கிறது என்று லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். பாறையை நொறுக்கும் இயந்திரங்களை மலையேற்றினார்கள். சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. சுரங்கக் குழிகள் இன்றும் காட்டுக்குள் கிடக்கின்றன. என் காலத்திலேயே கண்ணாடிக் கதவும் ஏசியுமாக வந்த ஒரு நிதி நிறுவனம் தோட்டத்துப் பெண்களின் சேமிப்போடு காணாமல் போனது. அதில் என் சித்தியின் பணமும் போனது. கண்ணாடிக் கதவைப் பார்த்தால் சித்தி இன்னமும் தள்ளித்தான் நிற்பார். அதனால் சுண்ணாம்பு அடித்த சுவர், படிப்புச் சான்றிதழ், ஒரு காலண்டர், பெரிய எழுத்தில் என் கட்டணப் பட்டியல். பட்டியல் தமிழிலும் மலையாளத்திலும் இருக்கிறது. எவ்வளவு ஆகும் என்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் வராந்தாவிலேயே படித்துவிட்டு உள்ளே வரலாம்.

நேரம் குறித்துக் கொடுப்பது இங்கே சரிவராது. பதினொரு மணிக்கு வாருங்கள் என்றால் பஸ் வரும் நேரத்துக்குத்தான் வருவார்கள். விவசாயிகள் கொழுந்து எடை போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். காத்திருப்பவர்களுக்காக வராந்தாவில் ரேடியோ தணிந்த குரலில் பாடும். அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு, உள்ளே பேசுகிறவருக்குத் திரை. மாலை ஐந்துக்கு மேல் யாரையும் வரச் சொல்வதில்லை. ஆனை நடமாட்டம். வழியோரம் இருந்த வாழையை எடுத்துவிட்டோம். பலா மரத்தில் காய் பிடித்ததும் பிஞ்சிலேயே பறித்துவிடுகிறோம். பழுத்தால் வாசனைக்கு ஆனை வந்து நிற்கும், வாடிக்கையாளர் வர முடியாது. வாசலிலிருந்து ரோடு வரை மூன்று சோலார் விளக்கு.

எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஆனது. பாதி என் சேமிப்பு, பாதி ஜீப் விற்ற பணம்.

மளிகைக் கடை அண்ணன் ஏழு மாதம் கழித்து வந்தார் என்று சொன்னேனே, வந்தவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சீலிங்கை அண்ணாந்து பார்த்தார். நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கடன் விவரத்தை முதல் வட்டியிலிருந்து சொன்னார். ஒரு மணி நேரம் பேசினோம். வெளியே பருவம் தப்பிய நல்ல மழை.

போன மாதம் ஒரு மத்தியானம் வெளிக்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் அம்மா. அடுக்களைக் கதவு வழியாக நாலு எட்டில் வந்திருக்கலாம். குடை பிடித்து வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, குடையை வாளியில் வைத்துவிட்டு, காலைக் கழுவிவிட்டு நின்றார். கையில் பேங்க் பாஸ்புக். நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, "அந்தக் கதவைச் சாத்து" என்றார். சாத்தினேன். அம்மா கேட்டதை இங்கே எழுத மாட்டேன்.

அடுத்த ஜூனுக்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆட்டோவிலிருந்து இறங்கி வராந்தாவில் ஏறுவதற்குள் வருகிறவர் மூன்று எட்டு நனைகிறார். அதோடு கூரைத் தண்ணீர் நேரே அவர் முதுகில் விழுகிறது. கூரை ஓரத்துத் தகரப் பீலியைத் திருப்பிவிட்டு (பீலி என்பது அப்பாவின் வார்த்தை), வாசல் வரைக்கும் நாலடி தகரம் நீட்ட வேண்டும். மேஸ்திரி மார்ச்சில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.